ஏழாவது பேட்டரி

அந்த மே மாதம் பதினாறு நாள் விடாமல் மழை பெய்தது. கீஸ்பாஹ் ஊரைச் சுற்றியிருந்த புல்வெளிகள் இடுப்புயரம் வளர்ந்து, நனைந்து, சாய்ந்து கிடந்தன. அறுக்க யாரும் வண்டியை இறக்கவில்லை. ரோஸ்விதாவின் வீட்டு நிலவறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியிருந்தது. தம்பி கிலியன் மோட்டார் வைத்து இறைத்தான். இறைக்க இறைக்க ஊறிக்கொண்டே இருந்தது.

ரோஸ்விதாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஆறு வருடமாக ஊரின் மான்குட்டி மீட்புக் குழுவை அவள்தான் நடத்திவந்தாள். பெண்மான்கள் உயரமான புல்லுக்குள் குட்டி போடும் காலமும் முதல் அறுப்பின் காலமும் ஒன்றாகவே வரும். சத்தம் கேட்டால் குட்டி ஓடாது. தரையோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். அறுக்கும் வண்டி அதன்மேல் போய்விடும். அதனால் அறுப்பு நாளன்று விடியற்காலையில், மண் சூடேறுவதற்குள், வெப்பத்தைக் காட்டும் கேமரா கட்டிய ட்ரோனைப் பறக்கவிட்டுக் குட்டிகளைத் தேட வேண்டும். ஒரு பேட்டரிக்கு இருபது நிமிடம், மிஞ்சிப் போனால் இருபத்தைந்து. குழுவிடம் ஏழு பேட்டரிகள் இருந்தன. ஏழும் ரோஸ்விதாவின் வீட்டில்தான் சார்ஜ் ஏறும்.

அதற்கென்றே நிலவறையில் ஓர் இடம் வைத்திருந்தாள். சிமென்ட் தரை, ஓடு பதித்த சுவர், ஒரு சின்ன ஜன்னல், நடுவில் பழைய கல்மேஜை, பக்கத்தில் மணல் நிரப்பிய இரும்புப் பெட்டி. குழுவில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் அங்கே கூட்டிப் போய் நிறுத்துவாள். தன் கையால் தட்டச்சு செய்து பிளாஸ்டிக் உறை போட்ட தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்வாள். பறந்து வந்த சூடு ஆறும்வரை சார்ஜ் போடாதே. எரியக்கூடிய எதையும் பக்கத்தில் வைக்காதே. சார்ஜ் ஏறும்போது வீட்டை விட்டுப் போகாதே. அடிபட்டதையும் வீங்கியதையும் சார்ஜரில் செருகவே செருகாதே. படித்து முடித்ததும் கையெழுத்து வாங்கிக்கொள்வாள். விவசாயி அலாய்ஸ் முதல் தடவை கையெழுத்துப் போட்டபோது, "கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு யோசிச்சுக் கையெழுத்துப் போடல ரோஸி" என்றார். அவள் சிரிக்கவில்லை.

நிலவறையில் தண்ணீர் ஏறியதும் சார்ஜர் இரண்டையும் மேலே கொண்டுவந்தாள். கல்மேஜையையும் மணல் பெட்டியையும் தூக்க முடியாது. மற்ற அறைகளில் கம்பளம், திரைச்சீலை, கட்டில். நடையில், மாடிப்படிக்கு அடியில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு மின்செருகி இருந்தது. கிலியன் பல வருடங்களுக்கு முன் படிவிளக்கிலிருந்து தானாகவே ஒயர் இழுத்துப் போட்டது. அலமாரியின் மேல் சார்ஜர்களை வைத்தாள். மூன்று நாள் கதைதானே என்று நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை வானம் வெளுத்தது. புதன், வியாழன், வெள்ளி வெயில் என்று வானொலி சொன்ன பத்தாவது நிமிடத்திலிருந்து அவள் தொலைபேசி ஓயவில்லை. எல்லோருக்கும் எல்லா நிலத்தையும் அந்த மூன்று நாளில் அறுத்தாக வேண்டும்.

புதன் விடியற்காலை அவளும் தெக்லாவும் நான்கு நிலங்களைப் பார்த்தார்கள். தெக்லா ஊர் நூலகத்தில் வேலை செய்பவள், நாற்பத்தைந்து வயது. கிலியனோடு எட்டு வருடப் பழக்கம். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவும் இல்லை, விட்டுப் பிரியவும் இல்லை. அன்று காலை ஐந்து குட்டிகள் கிடைத்தன. கடைசி நிலத்தில் ட்ரோன் இறங்கும்போது காற்று ஒரு சுழற்று சுழற்றியது. ட்ரோன் டிராக்டர் போகும் பாதையின் கான்கிரீட்டில் பக்கவாட்டாக விழுந்தது. இறக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. பேட்டரி மட்டும் கழன்று, பாதையின் விளிம்பில் மோதி, புல்லில் போய் விழுந்தது.

தெக்லாதான் எடுத்துவந்தாள். ஒரு மூலையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இங்க அமுங்கியிருக்கு, பாரு."

"நகக்கண்ணு அளவுதான்."

"நகக்கண்ணோ என்னவோ. இதத் தனியா வை, ரோஸி. வெள்ளிக்கிழம கழிவு மையம் தொறந்திருக்கும், குடுத்துடலாம்."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

"உன் தாளுல இருக்கறதத்தான் சொல்றேன்."

ரோஸ்விதா அதை மற்றவற்றோடு கலக்காமல் தன் மேல்சட்டையின் இடப்பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது ஏழரை. கிலியன் பாலாடைக்கட்டி ஆலையில் இரவு வேலை முடித்து அப்போதுதான் வந்து, ஒற்றைக் காலில் நின்று ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். சார்ஜர் ஒயர் காலில் மாட்டியது.

"செருப்பு வைக்கற எடத்துல மின்சார நிலையமா? என் செருப்பு எங்க போகும்?"

"நிலவறை காயட்டும். எடுத்துடறேன்."

"எத்தன குட்டி?"

"அஞ்சு."

"அஞ்சையும் தூக்கித் தடவிக் குடுத்து, பேர் வெச்சு, பாட்டுப் பாடிட்டு வந்திருப்ப. நான் மானா பொறந்திருந்தா எனக்கும் காலையில ஒரு காப்பி கெடச்சிருக்கும்."

"சமையலறையில போட்டு வெச்சிருக்கேன், கண்ணத் தொறந்து பாரு."

"தூங்கப் போறவனுக்குக் காப்பி எதுக்கு?" என்றான். தான் கேட்டதையே மறந்துவிட்டவன்போல் படியேறினான். பாதியில் நின்று திரும்பினான். "தெக்லா எப்படியிருக்கா?"

"உன்னக் கேக்கவே இல்ல."

"அப்போ நல்லாத்தான் இருக்கா." மேலே அவன் அறைக்கதவு சாத்தும் சத்தமும், ஜன்னலின் மின்ஷட்டர் முனகிக்கொண்டே இறங்கும் சத்தமும் கேட்டன. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு மாலை ஐந்து மணிவரை தூங்குவான். பதினோரு வருடமாக அப்படித்தான்.

பேட்டரிகளின் சூடு ஆறும்வரை அவள் குளித்தாள், ரொட்டி தின்றாள். அலாய்ஸ் தொலைபேசியில் வந்தார். நாளைக்குத் தன் நிலத்தோடு ஆற்றோரத் துண்டையும் சேர்த்து அறுக்கப்போவதாகச் சொன்னார். "நாப்பத்தஞ்சு ஏக்கருக்கு மேல வருது ரோஸி. முடியுமா?"

"முடியும்," என்றாள்.

எட்டு மணிக்கு ஆறு பேட்டரிகளையும் சார்ஜர் குழிகளில் செருகினாள். ஒரு சார்ஜருக்கு நான்கு குழி. இரண்டு குழிகள் காலியாக நின்றன. ஆற்றோரத் துண்டு நீளமானது, வளைந்தது. ஆறு பேட்டரியை வைத்து அதைச் சூரியன் ஏறுவதற்குள் முடிக்க முடியாது. கடைசித் துண்டைப் பார்க்காமல் விட வேண்டிவரும். மேல்சட்டைப் பையிலிருந்து ஏழாவதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மூலையில் அந்த அமுக்கம். வீக்கம் இல்லை. மணமும் இல்லை. கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், குளிர்ச்சியாக இருந்தது.

செருகினாள். விளக்கு மற்றவற்றைப் போலவே பச்சையாக மினுக்கியது.

பத்து நிமிடம் அங்கேயே நின்று பார்த்தாள். நாள்தோறும் எட்டேகாலுக்குக் கிளம்புபவள் அன்று எட்டரைக்குக் கிளம்பினாள். கதவைப் பூட்டும்போது அவள் மனதில் ஓடியது ஒன்றுதான்: வீட்டில் யாரும் இல்லை, ஏதாவது ஆனாலும் அலமாரியும் செருப்பும்தான் போகும். தம்பியோடு பேசி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பகலில் தூங்குகிற ஆள் பதினோரு வருடத்தில் அவள் கணக்கில் வீட்டில் இல்லாத ஆளாகிவிட்டிருந்தான். அதைப் பிறகு எத்தனையோ தடவை அவள் எண்ணிப் பார்த்தாள். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் அது அப்படியேதான் இருந்தது.

தீயணைப்புப் படையின் சங்கு ஒன்பது ஐம்பதுக்கு ஊதியது. ரோஸ்விதா அண்டாவில் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டிருந்தாள். அறுப்புக் காலத்தில் ஏதாவது ஒரு டிராக்டர் புகைவது வழக்கம்தான். கிளறுவதை நிறுத்தவில்லை. அடுத்து அவள் தொலைபேசி அடித்தது. அலாய்ஸ். ஊர்த் தீயணைப்புப் படையில் அவரும் ஒருவர். பின்னால் வண்டி உறுமும் சத்தம்.

"ரோஸி, உன் வீடு. உள்ள யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல," என்றாள்.

"நிச்சயமா?"

அவள் கையில் கரண்டி இருந்தது. அண்டாவிலிருந்து ஆவி எழுந்து முகத்தில் அடித்தது.

"கிலியன்," என்றாள். "மேல. கிலியன் தூங்கறான்."

அந்த இடைவெளி நான்கு நொடி இருக்கும், ஐந்து நொடி இருக்கும். அதனால் எதுவும் மாறியிருக்காது என்று அலாய்ஸ் பிறகு சத்தியம் செய்து சொன்னார்.

நடந்தது இதுதான். சார்ஜரில் ஒரு பேட்டரி சீறிப் பற்றியது. பக்கத்தில் இருந்தவை அடுத்தடுத்துப் பற்றின. அலமாரியும் செருப்புகளும் எரிந்து, படியின் அடிப்பலகை எரிந்து, நடை முழுக்கப் புகை நிரம்பியது. மாடியில் புகை எச்சரிக்கைக் கருவி அலறியது. காதில் பஞ்சு இருந்ததால் கிலியனுக்கு அது நேரம் கழித்தே கேட்டது. எழுந்து செய்யக் கூடாததைச் செய்தான், கதவைத் திறந்தான். மாடிப்படி வழியாக ஏறிவந்த புகை மொத்தமும் அவன்மேல் வந்து கவிந்தது. கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னலுக்கு ஓடியிருக்கிறான். ஷட்டரின் பொத்தானை அழுத்தியிருக்கிறான். கீழே ஒயர் எரிந்ததில் வீட்டின் ஃபியூஸ் போயிருந்தது, ஷட்டர் எழவில்லை. நாற்காலியால் அடித்திருக்கிறான். இரண்டு பட்டைகள் உடைந்திருந்தன, அவ்வளவுதான். ஏணி வைத்து ஏறி வெளியிலிருந்து ஷட்டரை அறுத்து அவனை இழுத்துப் போட்டவர் அலாய்ஸ்தான். அப்போது அவனுக்கு மூச்சு இருந்தது.

ரோஸ்விதா வந்து சேர்ந்தபோது மருத்துவ வண்டியின் கதவை மூடிக்கொண்டிருந்தார்கள். தெரிந்தது அவன் பாதங்கள் மட்டும். ஒரு காலில் காலுறை இருந்தது, மற்றதில் இல்லை.

நான்கு நாள் அவனை மயக்கத்திலேயே வைத்திருந்தார்கள். வாய்வழியே குழாய், நெஞ்சு இயந்திரத்தோடு ஏறி இறங்கியது. தோலில் காயம் அதிகமில்லை. உள்ளே நுரையீரல்தான் வெந்திருந்தது. ரோஸ்விதா பகலில் உட்கார்ந்தாள், தெக்லா வேலை முடிந்து மாலையில் வந்து உட்கார்ந்தாள். அறை வாசலில் இருவரும் மாறிக்கொள்ளும்போது தெக்லா, "ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்பாள். ரோஸ்விதா, "அதேதான்" என்பாள். பேட்டரியைப் பற்றித் தெக்லா ஒன்றும் கேட்கவில்லை. ஏழாவது வெள்ளிக்கிழமைக்காக எங்கோ தனியாகத்தான் இருந்தது என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாளா, நம்ப முயன்றுகொண்டிருக்கிறாளா என்று ரோஸ்விதாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வியாழனும் வெள்ளியும் ஊரில் அறுப்பு நடந்தது. பேட்டரி இல்லை. ஆட்கள் வரிசையாகக் கைகோத்து நடந்து பார்த்தார்கள். ஆற்றோரத் துண்டில் இரண்டு குட்டிகள் வண்டியில் அகப்பட்டன. யாரோ குழுவின் பொதுச் செய்தியில் அதை எழுதியிருந்தார்கள். ரோஸ்விதா மருத்துவமனை நடைபாதையில் நின்று படித்தாள். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. தொலைபேசியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் காலை மருந்தைக் குறைத்தார்கள். கிலியன் கண் விழித்தான். பேச முடியாது, தொண்டையில் குழாய். கைகள் நடுங்கின. செவிலி ஒரு சின்ன எழுதுபலகையும் பேனாவும் கொடுத்து, "கொஞ்ச நேரந்தான், களைச்சுப் போயிடுவார்" என்றாள்.

முதலில் அவன் எழுதியது: காப்பி.

ரோஸ்விதா சிரித்தாள். சிரித்தபோதுதான் நான்கு நாளாகத் தான் அழவே இல்லை என்று உணர்ந்தாள். அவன் கையை அசைத்துப் பலகையை அழிக்கச் சொன்னான். அழித்துக் கொடுத்தாள்.

என்ன ஆச்சு, என்று எழுதினான்.

"வீட்டுல தீப்பிடிச்சிடுச்சு. நீ மேல தூங்கிட்டிருந்த. அலாய்ஸ்தான் உன்ன வெளிய எடுத்தாரு."

எதுல?

அவன் கண்கள் அவளையே பார்த்தன. வெள்ளை முழுக்கச் சிவந்த கண்கள். அந்தக் கேள்வியில் கோபம் எதுவும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அவள் வாயைத் திறந்தபோது உண்மையைச் சொல்லத்தான் திறந்தாள் என்று பிறகு அவளே நம்ப விரும்பினாள்.

"ஒயர்ல," என்றாள். "படிக்குக் கீழ. ஒயர்ல ஏதோ."

பேனா பலகையில் ஒரே இடத்தில் குத்திக்கொண்டு நின்றது. அந்த ஒயரை இழுத்தவன் அவன். மின்பணியாளரைக் கூப்பிடு என்று அன்று அவள் சொன்னாள். ஒரு ஒயருக்கு ஒரு ஆளா என்று அவன் சொன்னான். அது அவளுக்கு ஞாபகம் வருவதற்குள் அவனுக்கு வந்துவிட்டது.

எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அவள் பலகையைத் திருப்பிப் பிடித்துப் படித்தாள்.

மன்னிச்சிடு ரோஸி. நான் போட்டது.

"விடு," என்றாள். "இப்போ அதப் பத்தி ஒண்ணும் வேண்டாம். தூங்கு."

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். நாலு சொல் போதும். அவன் களைத்திருக்கிறான், நாளைக்கு இன்னும் தெளிவாக இருப்பான், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். செவிலி வந்து பலகையை வாங்கி, ஈரத்துணியால் துடைத்து, மாட்டி வைத்தாள்.

அன்று மாலை அவனுக்குக் காய்ச்சல் ஏறியது. நுரையீரலில் சீழ் பிடித்துவிட்டது என்றார்கள். மறுபடி மயக்கத்தில் ஆழ்த்தினார்கள். அதன்பின் அவன் கண் திறக்கவில்லை. பதினோராம் நாள், மத்தியான வெயில் படுக்கையில் விழுந்துகொண்டிருக்கும்போது, இறந்துபோனான்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து அலாய்ஸ் அவளைப் பார்க்க வந்தார். அவள் அப்போது பள்ளிக்கூடத்துக்கு மேலே, ஆசிரியர்கள் முன்பு தங்கிய ஓர் அறையில் இருந்தாள். அலாய்ஸ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டார். எதையோ பேச வந்து எதையெதையோ பேசினார்.

"விசாரணை பண்ற அம்மா என்னையும் கேட்டாங்க," என்றார் கடைசியில். "தீ எங்க ஆரம்பிச்சதுன்னு அவங்களுக்கே சரியாத் தெரியல. எல்லாம் ஒரே கரியா இருக்கு. ஒயராவும் இருக்கலாம், பேட்டரியாவும் இருக்கலாம்னாங்க."

"பேட்டரிதான்."

"நீ பாத்தியா?"

"நான் செருகினேன்."

அலாய்ஸ் தரையைப் பார்த்தார். "கேளு ரோஸி. அந்த ஒயர் ஒழுங்காப் போட்ட ஒயர் இல்ல. அது உண்மைதானே? அத அவங்க கண்டுபிடிச்சிட்டாங்க. நீ வாயத் தொறக்க வேண்டியதுகூட இல்ல. கேட்டா, ஆறு பேட்டரி போட்டேன், எல்லாம் நல்ல பேட்டரின்னு சொல்லு. அவனுக்கு இனிமே யார் என்ன சொன்னா என்ன? நீ இருக்க. நீ ஜெயிலுக்குப் போனா அவன் வந்துடுவானா?"

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அவர் தலைமுடி ஒரு பக்கம் ஏணியில் கருகியது இன்னும் சரியாக வளரவில்லை. ரோஸ்விதா அந்தக் கருகலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொய்ய ஏற்கெனவே சொல்லிட்டேன், அலாய்ஸ்," என்றாள். "அவன்கிட்டயே சொல்லிட்டேன். தன்னாலதான் வீடு எரிஞ்சதுன்னு நெனச்சுக்கிட்டுச் செத்தான். என்கிட்ட மன்னிப்புக் கேட்டான்."

அலாய்ஸ் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார், மறுபடி எடுத்தார். எழுந்து போனார்.

விசாரணை அதிகாரி திருமதி வீலாண்ட் பொறுமையானவர், குரல் உயர்த்தாதவர். ஒரு கோப்பைத் திறந்து, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை மேஜைமேல் வைத்தார். தீயணைப்பு நிலையச் சுவரில் மாட்டியிருந்த பிரதி.

"இது நீங்க எழுதினதா?"

"ஆமா."

"நாலாவது வரியப் படிக்கிறீங்களா?"

"மனப்பாடமாத் தெரியும்."

"படிங்க, பரவால்ல."

படித்தாள். படித்து முடித்து, அதிகாரி கேட்காமலேயே, காற்றடித்ததிலிருந்து கதவைப் பூட்டியதுவரை சொன்னாள். பூட்டும்போது என்ன நினைத்தாள் என்பதையும் சொன்னாள். திருமதி வீலாண்ட் எழுதுவதை நிறுத்தி, "அது தேவையில்ல" என்றார். பிறகு, "இதெல்லாம் நீங்க ஒரு வக்கீல வெச்சுக்கிட்டுச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"வக்கீல் வேற மாதிரி சொல்லச் சொல்வாரு."

அவள் சொன்ன பிறகு கரியை மறுபடி அலசினார்கள். இரண்டாவது சார்ஜரின் மூன்றாவது குழியில்தான் தொடக்கம் என்று எழுதினார்கள். இலையுதிர் காலத்தில் தீர்ப்பு வந்தது. கவனக்குறைவால் உயிர் போகக் காரணமானதற்கு எட்டு மாதச் சிறை, இரண்டு வருட நன்னடத்தையின் பேரில் நிறுத்திவைக்கப்பட்டது. தெருவில் அவளைக் கண்டால் ஊர்க்காரர்கள் முன்பைவிட அன்பாகப் பேசினார்கள். அது அவளுக்குத் தாங்கவில்லை. கடைக்கு ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் போனாள்.

தெக்லா வழக்கின்போது ஒரு நாள் மட்டும் வந்து, அமுக்கத்தைத் தான் பார்த்ததாகவும், தனியாக வைக்கச் சொன்னதாகவும் சாட்சி சொல்லிவிட்டு, ரோஸ்விதாவைப் பார்க்காமல் போய்விட்டாள்.

நவம்பரில் ரோஸ்விதா நூலகத்துக்குப் போனாள். மூடும் நேரம். தெக்லா திரும்பிவந்த புத்தகங்களை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுக்குவதைத் தொடர்ந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள் ரோஸ்விதா.

"கோர்ட்ல எல்லாம் சொல்லிட்டியே."

"இதச் சொல்லல. அஞ்சாவது நாள் காலையில அவன் முழிச்சான்ல. எதுல தீப்பிடிச்சதுன்னு எழுதிக் கேட்டான்." நிறுத்தினாள். "ஒயர்லன்னு சொன்னேன்."

தெக்லாவின் கை ஒரு புத்தகத்தின்மேல் நின்றது.

"அவன் என்ன எழுதினான்?"

"மன்னிச்சிடுன்னு."

வெளியே தெருவிளக்கு எரிந்தது. ஒரு பேருந்து வந்து நின்று, யாரையும் ஏற்றாமல் போனது. தெக்லா அந்தப் புத்தகத்தை எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். பிறகு இன்னொன்றை.

"அன்னிக்கு சாயங்காலம் நான் வந்தேன்ல," என்றாள். "நீ வாசல்ல நின்ன. ஏதாவது சொன்னாங்களான்னு கேட்டேன். அதேதான்னு சொன்ன."

"ஆமா."

"அப்போ அவனுக்கு இன்னும் கொஞ்சம் நெனவு இருந்துது. என் கையப் புடிச்சான். ஏதோ சொல்ல வந்தான், எனக்குப் புரியல. பலகையக் கேக்கறான்னுகூடத் தெரியல எனக்கு. நீ சொல்லியிருந்தா நான் உள்ள போனதும் அவன்கிட்ட சொல்லியிருப்பேன். உன் ஒயர் இல்லடான்னு. ஒரு நிமிஷம் ஆகியிருக்காது."

ரோஸ்விதா நின்றாள். இதை அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. அந்த மாலையில் இன்னொரு கதவு திறந்திருந்தது என்பது அவளுக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

"என்கிட்ட நீ இதச் சொல்லியிருக்க வேண்டாம்," என்றாள் தெக்லா. "நீ எறக்கி வெச்சிட்டுப் போயிடுவ. நான் எங்க கொண்டு போய் வைக்கறது?"

"எறக்கி வைக்கறதுக்காக வரல."

"வேற எதுக்கு வந்த?"

தெக்லா விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். இருவரும் ஒன்றாகத்தான் வெளியே வந்தார்கள். தெக்லா கதவைப் பூட்டிவிட்டு எதிர்ப்பக்கமாக நடந்தாள்.

வசந்தத்தில் ஊராட்சி, தீயணைப்பு நிலையத்தின் பின்புறம் இருந்த கான்கிரீட் கொட்டகையை மீட்புக் குழுவுக்குக் கொடுத்தது. புது ட்ரோனும் எட்டு பேட்டரிகளும் வந்தன. தெக்லா தலைவியானாள். யார் வீட்டிலும் இனிச் சார்ஜ் போடக் கூடாது என்பது அவள் போட்ட முதல் விதி. சார்ஜ் ஏறும்போது ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. இரண்டாவதுக்கு ஆள் கிடைக்கவில்லை. வேலை முடிந்து வந்தவர்கள் யார்தான் ஒன்றரை மணி நேரம் வெறும் கொட்டகையில் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்காருவார்கள்?

ரோஸ்விதா ஒரு மாலை வந்து, அலாய்ஸிடம், "நான் உக்காந்துக்கறேன்" என்றாள். அலாய்ஸ் தெக்லாவிடம் கேட்டார். தெக்லா சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அந்த அறுப்புக் காலம் முழுக்க ரோஸ்விதா அங்கே உட்கார்ந்தாள். பேட்டரி ஒவ்வொன்றையும் கையில் எடுத்து நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் செருகுவாள். புத்தகம் படிக்க மாட்டாள், தொலைபேசி பார்க்க மாட்டாள். எல்லா விளக்கும் நிலையாக நின்ற பிறகும் கால் மணி நேரம் இருந்துவிட்டு எழுவாள். பறக்கவிட அவளை யாரும் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு நாள் தெக்லா வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தாள். சார்ஜ் இன்னும் முடியவில்லை. போய்விட்டு வருவாள் என்று ரோஸ்விதா நினைத்தாள். அவள் போகவில்லை. கொட்டகையில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. தெக்லா சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த பெட்டிமேல் உட்கார்ந்தாள். மான்குட்டிகளைத் தூக்கும் பெட்டி.

"இன்னும் எவ்வளவு?"

"இருபத்தஞ்சு நிமிஷம்."

"நாளைக்கு ஆற்றோரம்."

"தெரியும்."

இருபத்தைந்து நிமிடமும், அதற்குப் பிறகு கால் மணி நேரமும், தெக்லா உட்கார்ந்தே இருந்தாள்.